நடு உறுப்பு

அக்டோபரில் பூன்டா அரேனாசின் தெருவோரங்களில்
காற்றுக்காகக் கயிறு கட்டுவார்கள்.
அதைப் பிடித்துக்கொண்டுதான்
நாற்பத்திரண்டு வயதில் இரவுப் பள்ளிக்குப் போகிறேன்.
கையில் நண்டு வாடை.
எலுமிச்சை தேய்த்தும் போகாது.
பக்கத்து பெஞ்சில் லாரி ஓட்டும் இவோ
முதல் நாள் மூக்கைச் சுளித்தான்.
இரண்டாம் நாள் பென்சில் கடன் கேட்டான்.

பலகையில் நவுவேல் எழுதினான்
(ஆசிரியன்தான், என்னைவிடப் பதினாறு வயது சின்னவன்,
சைக்கிள் தலைக்கவசத்தைக் கழற்ற மறந்துவிடுவான்):
x² + 7x + 12.
"மூன்று உறுப்புகள்" என்றான்.
எனக்குள் சிரித்துக்கொண்டேன்.
தொழிற்சாலையில் ஒரு ஷிப்டுக்கு
ஆயிரம் உறுப்பு ஒடிக்கிற கை இது.

"கூட்டினால் ஏழு, பெருக்கினால் பன்னிரண்டு.
யார் அந்த இரண்டு பேர்?"
போலீஸ்காரன் மாதிரி கேட்டான்.
ஆறும் இரண்டும் என்றேன். கூட்டினால் எட்டு.
ஐந்தும் இரண்டும் என்றான் இவோ. பெருக்கினால் பத்து.
சட்டை பொருந்தினால் செருப்பு கடித்தது.
மணி அடித்தது.

மறுநாள் வேலைக்குப் புதிதாய் வந்த பெண்
வெந்த சென்டோயாவின் காலை
முறுக்கோ முறுக்கென்று முறுக்கினாள்.
ஓடு நொறுங்கி, சதை கந்தல்.
"பலம் எதுக்கு? மூட்டைத் தேடு" என்றேன்.
சொன்ன வாய் மூடவில்லை, அப்படியே நின்றேன்.

ஏழுக்கு மூட்டு எங்கே?

மூன்றாவதில் மடங்கியது.
எஃகு மேசையில் படிந்த ஆவியில்
கையுறை விரலால் எழுதினேன்:
x² + 3x + 4x + 12.
முன்னிரண்டிலிருந்து ஒரு x வெளியே வந்தது.
பின்னிரண்டிலிருந்து ஒரு நான்கு.
இரண்டு பக்கமும் மிச்சம் நின்றது அதே x + 3,
ஊர் விட்டு ஊர் வந்து
சந்தையில் மோதிக்கொண்ட சொந்தக்காரர்கள் போல.
(x + 3)(x + 4).
அடுத்த கொப்பரை திறந்ததும்
ஆவி வந்து எல்லாவற்றையும் மூடியது.

"பெருக்கிப் பாருங்கள், பழையதே வரும்"
என்றான் நவுவேல்.
பெருக்கினேன். வந்தது.
நம்பாமல் இன்னொரு முறை பெருக்கினேன்.
நான் பிரித்த எதுவும் இதுவரை
திரும்பச் சேர்ந்ததில்லை.
நண்டு சேர்ந்ததில்லை.
போர்வெனீரில் அம்மா விட்டுப்போன வீட்டை
அண்ணனும் நானும் பங்கிட்டோம்,
அடுப்பு அவனுக்கு, அலமாரி எனக்கு.
கூட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது.
பெருக்கல்தான் வரவில்லை.

பிறகு மைனஸ் வந்தது.
x² + 2x − 35.
மைனஸ் ஏழும் ஐந்தும் என்று எழுதி
அரை மதிப்பெண் இழந்தேன்.
பெரியவன் பக்கம்தான் குறி சாயுமாம்.
அது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்,
இத்தனை வருடம் சம்பளம் வாங்குகிறவளுக்கு.

கடைசியில் பதினான்காம் கணக்கு:
x² + 7x + 11.
மின்கட்டண ரசீதின் பின்பக்கம் முழுக்கத் தேடினேன்.
ஒன்றும் பதினொன்றும். வேறு ஆளே இல்லை.
இரவு ஒரு மணி. ஜன்னல் தகரம் தடதடத்தது.
பதினொன்று பிடிவாதக்காரன்,
எந்தப் பக்கம் தொட்டாலும் மூட்டில்லை.

"அச்சுப் பிழை" என்றான் நவுவேல்.
கொஞ்சம் யோசித்தான். தலைக்கவசத்தைக் கழற்றினான்.
"இல்லை, சரிதான்.
முழு எண்களில் இது பிரியாது.
அப்படி எழுதினாலே முழு மதிப்பெண்."
எனக்கு வந்த கோபத்துக்கு
அவன் தலைக்கவசத்தை மாட்டியே இருந்திருக்கலாம்.

"எனக்குப் பிரிந்ததே!" என்றான் இவோ,
(x + 1)(x + 11) என்று நோட்டைக் காட்டி.
அவனுக்காக நான் பெருக்கினேன்.
பன்னிரண்டு x வந்து நின்றது.
அவன் பெருமூச்சு விட்டு ரப்பர் கேட்டான்.

திரும்பும்போது இருவரும் ஒரே கயிற்றில்.
முன்னால் நான், பின்னால் அவன்.
மைனஸ் மூன்றும் மைனஸ் நான்கும்
என்ன ஆகும் என்று கத்தினான்.
"கூட்டினால் மைனஸ் ஏழு!
பெருக்கினால்..." என்றேன்.
மீதியைக் காற்று
ஜலசந்திப் பக்கம் கொண்டுபோனது.
"என்ன?" என்றான்.
"நாளைக்கு!" என்றேன்.